மைலோமாவோடு குடித்தனம்

மல்டிபிள் மைலோமா என்று சொன்னால் எங்கள் தெருவில் யாருக்கும் புரிவதில்லை. ரத்தத்தில் கேன்சர் என்றால் புரிகிறது. உடனே அடுத்த கேள்வி, "எவ்வளவு நாள் சொல்லியிருக்காங்க?" என்னிடம் நேராகக் கேட்கத் தயங்குகிறவர்கள் என் கணவரை வாசல் பக்கம் கூட்டிப்போய்க் கேட்பார்கள். எவ்வளவு நாள் என்று எந்த டாக்டரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எப்படிப்பட்ட நாள் என்பதைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்லத் தெரியும். இந்த வியாதியை அடியோடு தீர்க்க முடியாவிட்டாலும் வருடக்கணக்கில் அடக்கி வைக்க இப்போது மருந்துகள் இருக்கின்றன. அத்தனை காலம் கூடவே இருக்கப்போகிற ஒன்றோடு குடித்தனம் நடத்தித்தானே ஆகவேண்டும்?

எலும்பு மஜ்ஜையில் பிளாஸ்மா செல்கள் என்று உண்டு. கிருமிகளை எதிர்க்கும் புரதத்தைச் செய்பவை அவை. அதில் ஒரு வகை மட்டும் கெட்டுப்போய்ப் பெருகி, உதவாத ஒரே புரதத்தை ரத்தத்தில் கொட்டிக்கொண்டிருப்பதுதான் மைலோமா. எலும்பு அரிக்கும், ரத்தம் குறையும், கால்சியம் ஏறும், கிட்னி கெடும். 2021இல் நடிகை கிரண் கேருக்கு இது வந்த செய்தி வெளியானபோது, "உங்களுக்கு இருக்கிறதுதானே?" என்று கேட்டுச் சிலர் போன் செய்தார்கள். அதிலிருந்து பெயரை விளக்கும் வேலை கொஞ்சம் குறைந்தது.

எனக்கு முதலில் வந்தது முதுகுவலி. தேய்மானம் என்று ஒரு எலும்பு மருத்துவர் சொன்னார். பெல்ட், தைலம், பிசியோதெரபி எல்லாம் நடந்தது. படுக்கையில் புரண்டு படுத்தால் உயிர் போனது. எப்போதும் கட்டும் உள்பாவாடை தரையில் புரள ஆரம்பித்தது. முதுகெலும்பு நசுங்கி நான் குள்ளமாகியிருந்தேன். கடைசியில் ஹீமோகுளோபின் 8க்குக் கீழே, இ.எஸ்.ஆர். (சிவப்பணு படியும் வேகம்) 100க்கு மேலே என்று வந்த ரிப்போர்ட்டையும் முதுகுவலியையும் சேர்த்துப் பார்த்தவர் எங்கள் ஊர்ப் பொது மருத்துவர்தான். ஐம்பது வயதுக்கு மேல் வாரக்கணக்கில் விடாத முதுகுவலியும் காரணம் தெரியாத ரத்தசோகையும் சேர்ந்து இருந்தால், சீரம் புரோட்டீன் எலெக்ட்ரோபோரெசிஸ் என்ற ரத்தப் பரிசோதனை தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

வலி மாத்திரை விஷயத்தைத் தனியாகச் சொல்லவேண்டும். நம் ஊரில் முதுகு வலித்தால் மெடிக்கலில் போய் "வலிக்கு ஒண்ணு குடுங்க" என்று கேட்பதுதான் வழக்கம். கிடைப்பது பெரும்பாலும் டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுப்ரூஃபன் வகை. மைலோமாக்காரர்களுக்கு இந்த வகை ஆகாது. அந்த வேண்டாத புரதம் ஏற்கெனவே கிட்னியை அடைத்துக்கொண்டிருக்கும். இந்த மாத்திரை அதன் மேல் இன்னொரு அடி. பாரசிட்டமால் எடுத்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர். அதற்கு மேல் வலித்தால் டிரமடால், அதற்கும் மேல் மார்ஃபின் மாத்திரை இருக்கிறது, அதை அவர்கள் பார்த்துக் கொடுப்பார்கள். சி.டி. ஸ்கேன் எடுக்கும்போது சாயமருந்து ஏற்றுவார்களா என்று கேட்டு, மைலோமா என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தினம் மூன்று லிட்டர் தண்ணீர். இதயக் கோளாறோ கிட்னிக் கோளாறோ இருப்பவர்கள் மட்டும் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சிகிச்சை மதுரையில். முதலில் போர்டிசோமிப் ஊசி, லெனாலிடோமைடு மாத்திரை, டெக்ஸாமெத்தசோன் மாத்திரை, மூன்றும் சேர்த்து. புரத அளவு மாதாமாதம் இறங்கியது. "ரிப்போர்ட் சூப்பர்மா" என்பார் டாக்டர். அந்த அறையில் எனக்குக் கிடைப்பது சில நிமிடங்கள், வெளியே நாற்பது ஐம்பது பேர் டோக்கனோடு உட்கார்ந்திருப்பார்கள். ரிப்போர்ட் நன்றாக இருந்தால் அத்தோடு பேச்சு முடிந்துவிடும். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் ரிப்போர்ட்டில் வராத சமாச்சாரங்கள் நிறைய இருக்கின்றன.

அது யாருக்குத் தெரிந்தது என்றால், மேற்படிப்புக்காக ஆய்வு செய்துகொண்டிருந்த ஒரு இளம் டாக்டருக்கு. ஒருநாள் ஊசிக்காகக் காத்திருந்தபோது கேள்வித்தாளோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இ.ஓ.ஆர்.டி.சி. என்கிற ஐரோப்பிய அமைப்பு 1993இல் வெளியிட்ட 30 கேள்விகள், அதோடு மைலோமாவுக்கென்றே தனியாக 20. போன ஒரு வாரத்தில் நடக்கக் கஷ்டமாக இருந்ததா, தூங்க முடிந்ததா, மலச்சிக்கல் உண்டா, எரிச்சல் வந்ததா, கைகால் மதமதப்பு இருந்ததா, சாவைப் பற்றிய கவலை வந்ததா, வியாதியால் பணக்கஷ்டம் உண்டா... அநேகமாக எல்லாவற்றுக்கும் இல்லவே இல்லை, கொஞ்சம், ஓரளவு, ரொம்ப என்று நாலு கட்டம். புரதத்தைத் தவிர என்னைப் பற்றி ஆஸ்பத்திரியில் யாரோ கேட்ட முதல் தடவை அது. கால் விரல் மதமதப்புக்கு "ரொம்ப" என்று சொன்னதும் அந்தப் பெண் பேனாவை வைத்துவிட்டு, "அம்மா, இதை சாரிடம் சொன்னீங்களா?" என்றாள்.

அன்றைக்கே என் ஊசி வாரம் இரண்டிலிருந்து வாரம் ஒன்றாக மாறியது. போர்டிசோமிப் நரம்பைப் பாதிக்கும் என்பது தெரிந்த விஷயம். வாரம் ஒருமுறை போட்டால், ரத்தக்குழாயில் ஏற்றாமல் வயிற்றிலோ தொடையிலோ தோலுக்கு அடியில் போட்டால், பாதிப்பு குறைகிறது என்பதும் தெரிந்த விஷயம். அளவைக் குறைக்கலாம், இடைவெளி விடலாம், வேறு மருந்துக்கு மாற்றலாம். முற்ற விட்டால்தான் சிக்கல், அப்புறம் மருந்தை நிறுத்தினாலும் மதமதப்பு போகாமலே இருந்துவிடக்கூடும். எனக்குப் பக்கத்து நாற்காலியில் ஊசி போட்டுக்கொள்ளும் ஒட்டன்சத்திரத்து அக்கா இதையெல்லாம் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்: "எனக்கும் எரியுது. சொன்னா மருந்த நிறுத்திட்டா என்ன செய்யறதுன்னு வாய மூடிக்கிட்டு இருக்கேன்." இந்தப் பயம் நிறையப் பேருக்கு இருக்கிறது. எனக்குச் சொல்லத் தோன்றுவது இதுதான்: கஷ்டத்தைச் சொல்வது புலம்பல் இல்லை. அதுவும் ஒரு ரிப்போர்ட்தான், அதைக் கொடுக்க நம்மைவிட்டால் ஆள் கிடையாது.

அப்போதிருந்து ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். கால், தூக்கம், வயிறு, வலி, மனசு, இவ்வளவுதான் தலைப்புகள். ஒவ்வொன்றுக்கும் வாரக் கடைசியில் அந்த நாலு கட்டத்தில் ஒன்றை எழுதுவேன். டாக்டர் அறைக்குள் போகும்போது "ரொம்ப" என்று இருப்பதை மட்டும் முதலில் சொல்வேன். வீட்டுக்கதையில் ஆரம்பித்தால் கிடைக்கிற நேரம் அதிலேயே போய்விடும். "நல்லா இருக்கேன் டாக்டர்" என்று சொல்லிப் பழகிய நாக்கு இது, ஆரம்பத்தில் கொஞ்சம் கஷ்டப்பட்டது.

கால் மரத்துப்போனவர்களுக்கு இன்னும் சில. வார் இல்லாத செருப்பு கழன்று போவதே தெரியாது, பின்னால் வார் வைத்தது வாங்குங்கள். குளிக்கும் வெந்நீரைக் காலால் பார்க்காமல் முழங்கையால் தொட்டுப் பாருங்கள். ராத்திரி பாத்ரூம் வழியில் சின்ன விளக்கு எரியட்டும். கோயிலுக்குப் போனால் மத்தியான வெயிலில் பிராகாரக் கல் மேல் நடக்கவே கூடாது. மற்றவர்கள் "சுடுது சுடுது" என்று ஓடுவார்கள், நமக்குச் சூடு தெரியாது, வீட்டுக்கு வந்து பார்த்தால் கொப்புளம் இருக்கும். காலையில் வெயில் ஏறுமுன் தரிசனம், காலில் சாக்ஸ். கால் எரிச்சலுக்கு மாத்திரை உண்டு. எனக்குக் கொடுத்தது டுலாக்ஸெட்டின். மனச்சோர்வுக்கும் கொடுக்கிற மருந்து அது என்று சீட்டைப் பார்த்த மெடிக்கல் பையன் சொன்னான். சரி, அதுவும் ஒருவகையில் வேண்டித்தான் இருந்தது.

டெக்ஸாவை, அதாவது டெக்ஸாமெத்தசோன் என்கிற அந்த ஸ்டீராய்டு மாத்திரையைப் பற்றிச் சொல்லாமல் மைலோமாக் கதையே கிடையாது. வாரம் ஒருநாள், 4 மில்லிகிராம் மாத்திரை 10. காலையில் விழுங்கினால் அன்று ராத்திரி தூக்கம் வராது. வெறுமனே வராமல் இருந்தால் பரவாயில்லை, உடம்பில் ஒரு வேகம் வரும். ராத்திரி மூன்று மணிக்குப் பரணில் இருக்கும் பாத்திரங்களை எல்லாம் இறக்கித் துலக்கலாம் என்று தோன்றும். பரணில் ஏறக்கூடாது என்று எலும்பு டாக்டர் சொல்லியிருந்ததால் நான் மசாலா டப்பாக்களுக்குப் பெயர் எழுதி ஒட்டினேன். மறுநாள் போன் எடுத்துச் சொந்தக்காரர்கள் எல்லாரிடமும் பேச்சு. அதற்கடுத்த நாள் எல்லாம் வடிந்துவிடும். காரணமே இல்லாமல் அழுகை வரும், இவர் காபி சூடில்லை என்றால்கூடக் கண் கலங்கும். குடும்பத்தில் எல்லாருக்கும் இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால், கேன்சர் வந்து ஆளே மாறிவிட்டாள் என்று முடிவு கட்டிவிடுவார்கள். மாறுவது மாத்திரையால்.

அந்த மாத்திரையைக் காலை டிபனோடு சேர்த்து ஒரே தடவையாக எடுத்துவிடுங்கள், சாயந்திரத்துக்குத் தள்ளாதீர்கள். எந்தக் கிழமை என்பதை ஊசி நாளோடு பொருத்தி டாக்டரிடம் பேசி வைத்துக்கொள்ளலாம். என் மகன் பெங்களூரிலிருந்து சனி ஞாயிறு வருவான். அழுகை நாள் அதில் விழாதபடி திங்கட்கிழமை என்று மாற்றிக்கொண்டேன். சர்க்கரை ஏறும், நோய் வரும் முன் சர்க்கரையே இல்லாதவர்களுக்கும் ஏறலாம், வீட்டிலேயே பார்த்துக்கொள்வது நல்லது. விடாத விக்கலும் வரலாம். தூக்கமின்மை தாங்க முடியாமல் போனால் அளவைக் குறைப்பார்கள், எனக்குப் பாதியாகக் குறைத்தார்கள்.

எலும்பு விஷயத்தில் கட்டுப்பாடுகள் உண்டு. தண்ணீர்க் குடம், சிலிண்டர், அரிசி மூட்டை, நனைந்த போர்வை இருக்கும் பக்கெட், எதையும் தூக்கக்கூடாது. குனிந்து பெருக்கக்கூடாது, நீளக் கைப்பிடி வைத்த விளக்குமாறு வாங்கினோம். குத்தவைக்கும் கக்கூஸை மாற்றினோம். குளிக்க ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். பேத்தியைத் தூக்க முடியாதது மட்டும் ஆறவில்லை. அதற்கும் ஒரு வழி வந்தது, நான் கட்டிலில் உட்கார்ந்துகொள்வேன், அவளே ஏறி மடிக்கு வருவாள். ஆனால் படுத்தே கிடப்பது தப்பு. அசதி வரும், படுத்தால் தீருகிற அசதி இல்லை அது. தெருமுனை வரை நடந்துவிட்டு வந்தால்தான் கொஞ்சம் விடும். ரத்தம் குறைந்ததால் வரும் அசதியும் உண்டு, அதனால் ஒரு ஹீமோகுளோபின் பார்த்துவிட்டு நடப்பது உத்தமம்.

எலும்புக்காக ஜோலட்ரானிக் ஆசிட் என்று மாதம் ஒரு ஊசி. அதை ஆரம்பிக்குமுன் பல் டாக்டரிடம் போய்விட வேண்டும். பிடுங்க வேண்டிய பல் இருந்தால் முன்பே பிடுங்கி, புண் ஆறிய பிறகுதான் ஊசி. ஊசி ஆரம்பித்தபின் பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமலே போகும் ஆபத்து இருக்கிறது. பல் டாக்டரிடம் இந்த ஊசியின் பெயரைச் சொல்ல மறக்கக்கூடாது.

சொந்தக்காரர்களின் வைத்தியம் தனி அத்தியாயம். என் நாத்தனார் கிரீன் டீ பாக்கெட்டும் நெல்லிக்காய் ஜூஸ் பாட்டிலுமாக வந்து நின்றாள். "மதினி, கேன்சருக்கு இதைவிட நல்லது கிடையாது, நெட்ல போட்டிருக்கான்." பாவம், ஆசையோடு வாங்கி வந்தவள். ஆனால் போர்டிசோமிப் போடுகிறவர்கள் கிரீன் டீ குடிக்கக்கூடாது, வைட்டமின் சி மாத்திரையும் அதிக அளவில் எடுக்கக்கூடாது. மருந்தின் வேலையை இரண்டும் தடுப்பதாக ஆய்வுக்கூடச் சோதனைகளில் தெரிந்திருக்கிறது. ஆரஞ்சுப் பழம் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. பெயர் தெரியாத சூரணம், லேகியம், பொடி எதுவாக இருந்தாலும் நான் தொடுவதில்லை. கிட்னியை வைத்துச் சூதாட முடியாது. வருகிறவர்கள் மனம் நோகாமல் இருக்க, "டாக்டரிடம் காட்டிவிட்டு எடுத்துக்கிறேன்" என்று வாங்கி வைத்துவிடுவேன். அதற்காக அலமாரியில் ஒரு தட்டே ஒதுக்கியிருக்கிறேன்.

அப்புறம் சென்னையில் ஸ்டெம் செல் மாற்று செய்தார்கள். ரத்தத்தை உருவாக்கும் என் செல்லையே எடுத்து வைத்து, மெல்ஃபலான் என்ற கடுமையான கீமோ கொடுத்து, திரும்ப எனக்கே ஏற்றுவது. தானம் தர யாரையும் தேட வேண்டியதில்லை. அதைப் பற்றி நீட்டாமல் ஒன்றுமட்டும்: மெல்ஃபலான் ஏறும்போது முன்னும் பின்னும் ஐஸ் கட்டியை வாயில் போட்டுச் சப்பிக்கொண்டே இருக்கச் சொல்வார்கள். பல் கூசும், சலிப்பாக இருக்கும், விடாதீர்கள். வாய்ப்புண் கணிசமாகக் குறையும். முடி கொட்டும், பிறகு முளைக்கும். சின்ன வயதில் போட்ட தடுப்பூசிகளின் பலன் போய்விடுவதால் அவற்றைத் திரும்பப் போட வேண்டும். பேத்தி, "ஆச்சிக்கும் எனக்கும் ஒரே ஊசி" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

இப்போது நோயை அடக்கி வைக்க லெனாலிடோமைடு மட்டும், 21 நாள் போட்டு 7 நாள் ஓய்வு. ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின். வயிற்றுப்போக்கு அவ்வப்போது உண்டு. இது தாலிடோமைடு குடும்பத்து மருந்து. 1950களின் கடைசியில் கர்ப்பிணிகள் தாலிடோமைடு சாப்பிட்டு ஆயிரக்கணக்கான குழந்தைகள் கை கால் குறையோடு பிறந்த வரலாறு இருப்பதால், கர்ப்பமாகும் வயதுப் பெண்கள் விஷயத்தில் மிகக் கண்டிப்பு. மருந்து சாப்பிடும் ஆண்களும் ஆணுறை போடவேண்டும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் இந்த கேப்சூலைத் தொடவே கூடாது, யாரும் அதைப் பிரித்துக் கொட்டவும் கூடாது. என் மருமகள் உண்டாகியிருந்தபோது மருந்து டப்பாவை இவர் பீரோவில் பூட்டிவைத்தார்.

இவரைப் பற்றியும் சொல்லவேண்டும். ஊசி நாள், மாத்திரைக் கணக்கு, ரயில் டிக்கெட், சமையல் எல்லாம் அவர் தலையில் விழுந்தது. யாரும் அவரிடம் "நீங்க எப்படி இருக்கீங்க?" என்று கேட்பதில்லை. வாரத்தில் ஒரு சாயந்திரம் என் தங்கை வந்து என்னோடு இருப்பாள், அவர் நண்பர்களோடு வெளியே போவார். எங்கே போனார், என்ன பேசினார் என்று நான் விசாரிப்பதில்லை. கவனித்துக்கொள்கிறவருக்கு லீவு கொடுக்காத வீட்டில் இரண்டாவது நோயாளி சீக்கிரம் உருவாகிவிடுவார்.

விசேஷங்களுக்குப் போகலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். நான் போகிறேன். வெள்ளை அணுக்கள் ரொம்பக் குறைந்திருக்கும் நாட்களில் மட்டும் போவதில்லை. முகூர்த்தத்துக்குக் கூட்டம் சேருமுன் போய், மாஸ்க்கோடு மணமக்களைப் பார்த்துவிட்டு, சூடான சாப்பாடு முதல் பந்தியில், உடனே வீடு. இருமிக்கொண்டே கட்டிப்பிடிக்க வருகிறவர்களிடம் கைகூப்பிவிடுவேன். எந்த விசேஷமும் வேண்டாம் என்று வீட்டுக்குள் அடைந்து கிடந்து, புரதம் பூஜ்யமாகி என்ன பிரயோஜனம்?

சில அறிகுறிகளுக்கு மட்டும் நோட்டில் எழுதிக் காத்திருக்கக்கூடாது. காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், ராத்திரி ஆனாலும் ஆஸ்பத்திரி. திடீரென்று கால் பலம் இழந்தாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாடு போனாலோ முதுகுத்தண்டு நசுங்குகிறது என்று அர்த்தமாகலாம். மணிக்கணக்கில் தாமதித்தால்கூட நடக்கமுடியாமல் போய்விடும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால், மூச்சு வாங்கினால், ரத்தக்கட்டியாக இருக்கலாம். சிறுநீர் குறைவது, குழப்பமாகப் பேசுவது, இடுப்பைச் சுற்றி ஒரு பக்கமாகக் கொப்புளம் கிளம்புவது, எல்லாமே அன்றைக்கே காட்ட வேண்டியவை. கடைசியாகச் சொன்னது அக்கி. அதைத் தடுக்கத்தான் அசைக்ளோவிர் மாத்திரை கொடுக்கிறார்கள், சின்ன மாத்திரைதானே என்று விட்டுவிடக்கூடாது.

பணத்துக்கு: முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை. உங்கள் சிகிச்சை எந்தத் தொகுப்பில் வரும் என்று ஆஸ்பத்திரியில் இருக்கும் காப்பீட்டு கவுண்டரில் சிகிச்சைக்கு முன்பே கேட்டுவிடுங்கள். வருமான வரி கட்டுகிறவர்கள் பழைய முறையில் 80டிடிபி பிரிவில் 40,000 ரூபாய், மூத்த குடிமக்களுக்கு 1 லட்சம் வரை கழித்துக்கொள்ளலாம். புற்றுநோய் நிபுணரின் மருந்துச் சீட்டு வேண்டும். ரயிலில் சிகிச்சைக்குப் போக ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் நோயாளிக்கு முழுச் சலுகை, கூட வருகிறவருக்கு 75 சதவீதம். அதற்கென்று உள்ள படிவத்தில் டாக்டர் கையெழுத்தோடு ஆஸ்பத்திரி முத்திரையும் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று அங்கேயே பார்த்து வாங்குங்கள். முத்திரை மங்கலாக இருந்தால் கவுண்டரில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.